பைனரி இருக்கிறது, நோட் தயாராகவில்லை: கன்டெய்னருக்குள் ஓடும் நோட் ஏஜென்டில் சிஎன்ஐ பிளகின் சிக்கல்கள்

குபர்னெட்டிஸில் பாட்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் சிஎன்ஐ (கன்டெய்னர் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்) பிளகின் என்பது ஒரு பைனரியும் ஒரு கான்ஃபிக் கோப்பும் சேர்ந்ததுதான். பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) உருவாகும்போது ஒரு புராசஸ் அந்தக் கான்ஃபிக்கைப் படித்து, பைனரியை இயக்கி, "இந்த நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்கிறது. நோட்டில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) பாட்களை ஓட்டும் ஏஜென்டான க்யூப்லெட் நேரடியாக ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும்வரை இதில் பெரிய குழப்பம் இல்லை. அதே க்யூப்லெட்டைக் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டும்போதுதான் "கோப்பு கண் முன்னால் இருக்கிறது, லாக் மட்டும் இல்லை என்கிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவருகிறது.

காரணம் எளிது. பிளகினை டிஸ்கில் எழுதுவது ஒருவர்: பெரும்பாலும் டீமன்செட்டில் (ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பாட் ஓட்டும் அமைப்பு) உள்ள இன்ஸ்டால் கன்டெய்னர். கான்ஃபிக்கைப் படிப்பது இன்னொருவர். பைனரியை இயக்குபவரும் அவரே, ஆனால் தன்னுடைய மவுன்ட் நேம்ஸ்பேஸில் (தன் கண்ணுக்கு மட்டும் தெரியும் கோப்பு அமைப்பில்), தன்னுடைய நூலகங்களோடு. இவர்கள் எல்லோரும் /ஆப்ட்/சிஎன்ஐ/பின் என்று ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே ஃபோல்டர்தானா என்பதுதான் கேள்வி.

பாதைகளையும் கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிபெயர்ப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தை அடியுங்கள்.

தொடங்கும் முன்: பிளகினை இயக்குவது யார்?

இதைத் தீர்மானிக்காமல் கீழே போகாதீர்கள். குபர்னெட்டிஸ் 1.24-இல், க்யூப்லெட்டை டாக்கரோடு இணைத்துவந்த டாக்கர்ஷிம் நீக்கப்பட்டது. கூடவே க்யூப்லெட்டின் நெட்வொர்க்-பிளகின், சிஎன்ஐ-பின்-டிர், சிஎன்ஐ-கான்ஃப்-டிர் ஆகிய ஃபிளாகுகளும் போய்விட்டன. அதற்கு முந்தைய பதிப்பில் டாக்கரோடு ஓட்டினால் க்யூப்லெட்தான் பிளகினை இயக்குகிறது. 1.24-உம் அதற்குப் பிறகும் என்றால் கன்டெய்னர்களை ஓட்டும் ரன்டைமான கன்டெய்னர்டி அல்லது சிஆர்ஐ-ஓ இயக்குகிறது. டாக்கரை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலை, டாக்கர்ஷிமுக்குப் பதிலாக வந்த சிஆர்ஐ-டாக்கர்டியிடம் இருக்கிறது. அந்த மூன்று ஃபிளாகுகளும் இப்போது அதனிடம்தான் உள்ளன. சிஆர்ஐ-டாக்கர்டியும் க்யூப்லெட் இருக்கும் அதே கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால், பழைய சிக்கல்கள் அத்தனையும் அப்படியே தொடரும்.

பழைய வழிகாட்டியைப் பார்த்து 1.24-க்குப் பிந்தைய க்யூப்லெட்டுக்கு அந்த ஃபிளாகைக் கொடுத்தால், தெரியாத ஃபிளாக் என்று சொல்லி க்யூப்லெட் எழுந்திருக்கவே மறுக்கும். அதை நெட்வொர்க் சிக்கல் என்று நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இயக்குபவர் யார் என்று தெரிந்ததும் அவருடைய புராசஸ் எண்ணைப் பிடியுங்கள். பிறகு ஹோஸ்டிலிருந்தே (கன்டெய்னருக்கு வெளியே, நோட்டின் சொந்த இயங்குதளத்திலிருந்து) 'எல்எஸ் -எல் /ப்ராக்/எண்/ரூட்/ஆப்ட்/சிஎன்ஐ/பின்' என்று பாருங்கள். 'எண்' உள்ள இடத்தில் அந்தப் புராசஸ் எண் வரும். அந்தப் புராசஸின் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுதான் வரும். கன்டெய்னர் இமேஜில் ஷெல் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதி இடங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறோம்.

அறிகுறி: நோட் 'நாட் ரெடி', செய்தியில் 'சிஎன்ஐ பிளகின் நாட் இனிஷியலைஸ்டு'

இது பைனரியைப் பற்றிய புகார் இல்லை, கான்ஃபிக்கைப் பற்றியது. படிப்பவருக்கு /ஈடிசி/சிஎன்ஐ/நெட்.டி ஃபோல்டரில் ஒழுங்கான கோப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய டாக்கர் அமைப்புகளில் 'சிஎன்ஐ கான்ஃபிக் அன்இனிஷியலைஸ்டு' என்று வரும்; பொருள் ஒன்றுதான்.

முதலில் நெட்வொர்க் டீமன்செட்டின் பாட் அந்த நோட்டில் எழுந்ததா என்று பாருங்கள். அது ஹோஸ்ட்நெட்வொர்க் ட்ரூ என்று இருக்க வேண்டும். நெட்வொர்க் தயாராகாத நோட்டில் க்யூப்லெட் அனுமதிப்பது அந்த வகைப் பாட்களை மட்டும்தான். நாட்-ரெடி டெயின்ட்டை (தயாராகாத நோட்டில் பாட்களைத் தடுக்கும் குறியை) பொறுத்துக்கொள்ளும் டாலரேஷனும் அதற்கு வேண்டும்.

பாட் எழுந்து, இன்ஸ்டால் கன்டெய்னரும் வெற்றியோடு முடிந்து, ஹோஸ்டில் கோப்பும் இருக்கிறதா? அப்படியானால் மேலே சொன்ன ப்ராக் வழியாகப் பாருங்கள். இன்ஸ்டால் கன்டெய்னரின் ஹோஸ்ட்பாத் வால்யூம் ஹோஸ்டின் ஃபோல்டரில் எழுதுகிறது. க்யூப்லெட் கன்டெய்னருக்கு அந்த ஃபோல்டரை மவுன்ட் செய்து கொடுக்கவில்லை என்றால், அது தன் இமேஜில் உள்ள காலி ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். மவுன்ட்டைச் சேர்த்து ஏஜென்ட் கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும்.

மவுன்ட் கொடுத்திருந்தும் காலியாகத் தெரிகிறதா? இங்கேதான் நான் அரை நாள் தொலைத்தேன். நோட்டைச் சுத்தம் செய்ய நானே எழுதிய ஸ்கிரிப்ட், நெட்.டி ஃபோல்டரை அடியோடு அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கியது. பெயர் அதே, ஐநோட் (கோப்பு முறைமை அந்த ஃபோல்டரை அடையாளம் காணும் எண்) வேறு. கன்டெய்னரின் பைண்ட் மவுன்ட் அழிக்கப்பட்ட பழைய ஃபோல்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. ஹோஸ்டில் கான்ஃபிக் இருக்கிறது, மவுன்ட் பட்டியலிலும் பாதை சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. /ப்ராக்/எண்/மவுன்ட்இன்ஃபோ கோப்பைத் திறந்தபோது அந்த வரியில் பாதையின் வாலில் '//டெலீட்டட்' என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு வேலை ஐந்து நிமிடம்தான்.

இதற்கு இரண்டு தற்காப்பு உண்டு. ஃபோல்டரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள். அல்லது நெட்.டி-யை மவுன்ட் செய்வதற்குப் பதிலாக ஒரு படி மேலே, /ஈடிசி/சிஎன்ஐ-யை மவுன்ட் செய்யுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அடுத்த ஸ்கிரிப்டை யார், எப்படி எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கன்டெய்னர்டி ஹோஸ்டில் நேரடியாக ஓடினாலும் இந்த அழித்து உருவாக்கும் வேலையிலிருந்து தப்பாது. அது அந்த ஃபோல்டரில் நடக்கும் மாற்றங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஃபோல்டரே காணாமல் போனால் கவனிப்பை நிறுத்திவிடுகிறது. கன்டெய்னர்டியை மறுதொடக்கம் செய்தால் போதும். அது கடைசியாக எதைப் படித்தது என்று தெரிய 'சிஆர்ஐசிடிஎல் இன்ஃபோ' கொடுத்து, 'லாஸ்ட்சிஎன்ஐலோட்ஸ்டேட்டஸ்' என்ற வரியைப் பாருங்கள்.

கே3எஸ், மைக்ரோகே8எஸ் போன்ற விநியோகங்கள் வழக்கமான பாதைகளை விட்டுத் தங்களுக்கென்று தனிப் பாதைகளை வைத்திருக்கின்றன. பொதுவான மேனிஃபெஸ்டை அப்படியே அங்கே போட்டால் இன்ஸ்டால் கன்டெய்னர் ஒழுங்காக எழுதிவிட்டுப் போகும், படிக்கத்தான் ஆள் இருக்காது.

அறிகுறி: 'ஃபெயில்டு டு ஃபைண்ட் பிளகின்'

பாட் 'கன்டெய்னர்கிரியேட்டிங்' நிலையிலேயே நிற்கும். டிஸ்கிரைப் செய்தால் நிகழ்வுகளில் 'ஃபெயில்டுகிரியேட்பாட்சாண்ட்பாக்ஸ்' இருக்கும். கூடவே எந்தப் பிளகினை எந்தப் பாதையில் தேடியது என்பதும் அடைப்புக்குள் வரும். அந்தப் பிளகினின் பெயரில்தான் துப்பு இருக்கிறது.

பெயர் 'லூப்பேக்' என்றால் கதை பெரும்பாலும் இதுதான். ஏஜென்டின் இமேஜுக்குள்ளேயே லூப்பேக், பிரிட்ஜ், ஹோஸ்ட்-லோக்கல் எல்லாம் தயாராக இருந்தன. யாரோ "பிளகின் தெரியவில்லை" என்று ஹோஸ்டின் /ஆப்ட்/சிஎன்ஐ/பின் ஃபோல்டரை அதன்மேல் மவுன்ட் செய்தார்கள். ஹோஸ்டின் ஃபோல்டரில் புதுப் பிளகின் மட்டும் இருக்கிறது. அது இமேஜில் இருந்தவற்றை மூடி மறைத்துவிட்டது. ஒரு சிக்கலைத் தீர்க்கப் போட்ட மவுன்ட்டே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்துவிட்டது. அடிப்படைப் பிளகின்களை ஹோஸ்டின் ஃபோல்டரிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். இமேஜின் ஃபோல்டரையும் ஹோஸ்டின் ஃபோல்டரையும் ஒன்றாகக் கலந்து காட்டும் வித்தை எதையும் முயல வேண்டாம். மூன்று மாதம் கழித்து அது யாருக்கும் புரியாது.

டாக்கரின் ஒரு பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. '-வி' கொடுத்து மவுன்ட் செய்யும்போது ஹோஸ்டில் அந்தப் பாதை இல்லாவிட்டால், டாக்கர் சத்தமில்லாமல் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிவிடும். பாதையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கன்டெய்னர் சிரித்த முகத்தோடு எழும். '--மவுன்ட் டைப்=பைண்ட்' என்று எழுதினால் பாதை இல்லை என்று பிழை தரும். நோட் ஏஜென்டுக்கு எப்போதும் இரண்டாவதையே எழுதுங்கள்.

பெயர் 'ஃபிளானல்' (பிரபலமான நெட்வொர்க் பிளகின்களில் ஒன்று) என்றால் வேறு காரணமும் உண்டு. பொதுவான சிஎன்ஐ பிளகின் தொகுப்பின் 1.0.0 பதிப்பிலிருந்து ஃபிளானல் பைனரி நீக்கப்பட்டு, அதற்கென்று தனித் திட்டத்துக்குப் போய்விட்டது. தொகுப்பை மட்டும் புதுப்பித்துவிட்டு, பழைய ஃபிளானல் மேனிஃபெஸ்டை அப்படியே வைத்திருந்தால் இந்தப் பிழை வரும். 'போர்ட்மேப்' என்றால் கான்ஃபிக் சங்கிலியில் அதன் பெயர் இருக்கிறது, பைனரியைத்தான் வைக்க மறந்திருக்கிறார்கள்.

அறிகுறி: கோப்பு உள்ளேயும் தெரிகிறது, இயக்கினால் 'நோ சச் ஃபைல்'

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. ப்ராக் வழியாகப் பார்த்தால் பைனரி இருக்கிறது, இயங்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் 'ஃபோர்க்/எக்ஸெக்' வரியின் முடிவில் கோப்பே இல்லை என்கிறது.

இல்லாதது பிளகின் இல்லை, அதை ஏற்றிவிட வேண்டிய டைனமிக் லோடர். ஜிலிப்சி என்ற சி நூலகத்தோடு இணைத்துக் கட்டிய பைனரி, மஸ்ல் என்ற வேறு நூலகத்தைக் கொண்ட ஆல்பைன் போன்ற இமேஜுக்குள் போனால் அதன் லோடர் அங்கே இருக்காது. கெர்னல் தரும் பிழை இரண்டுக்கும் ஒன்றுதான். ஹோஸ்டில் அதே பைனரியை ஓட்டிப் பார்த்து "இங்கே ஓடுகிறதே" என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள், ஓடவேண்டியது ஏஜென்டின் கோப்பு முறைமையில். 'ஃபைல்' கட்டளை கொடுத்தால் 'ஸ்டேட்டிக்கலி லிங்க்டு' என்று வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் கோ மொழிப் பிளகினை சிகோ_எனேபில்டு=0 வைத்து மறுபடி கட்டுங்கள்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்றால் ஆர்ம் நோட்டுக்கு ஏஎம்டி64 பைனரி போயிருக்கிறது. 'பெர்மிஷன் டினைடு' என்றால் மவுன்ட் நோஎக்ஸெக் ஆக இருக்கலாம், அல்லது எஸ்இலினக்ஸ் தடுக்கிறது. முந்தையது மவுன்ட்இன்ஃபோவில் தெரியும், பிந்தையது ஆடிட் லாகில் ஏவிசி வரியாகத் தெரியும். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஆசை எனக்கும் வந்திருக்கிறது. லேபிளைச் சரிசெய்ய அதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

அறிகுறி: பிளகின் இயங்குகிறது, ஆனால் அதற்குத் தேவையான வேறொரு கோப்பு இல்லை

'/ரன்/ஃபிளானல்/சப்நெட்.என்வ்' இல்லை என்று ஃபிளானல் சொல்லும். '/வார்/லிப்/காலிகோ/நோட்நேம்' இல்லை என்று காலிகோ சொல்லும். காலிகோவின் செய்தி ஒரு படி மேலே போய், காலிகோ நோட் கன்டெய்னர் ஓடுகிறதா, அந்த ஃபோல்டரை மவுன்ட் செய்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். பார்ப்பீர்கள். ஓடும், மவுன்ட்டும் இருக்கும். அங்கேயே மாட்டிக்கொள்ளாதீர்கள். டீமன் எழுதுவது ஹோஸ்டில். பைனரியை இயக்கும் ஏஜென்ட் கன்டெய்னருக்கும் அந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்பதை அந்தச் செய்தி சொல்லாது. /ரன்/ஃபிளானல் அல்லது /வார்/லிப்/காலிகோவை ஏஜென்டுக்கும் மவுன்ட் செய்யுங்கள்.

ஹோஸ்டிலேயே சப்நெட்.என்வ் இல்லையென்றால் ஃபிளானல் டீமனின் லாகுக்குப் போங்கள். 'பாட் சிஐடிஆர் நாட் அசைன்டு' என்று இருந்தால் கன்ட்ரோலர் மேனேஜர் நோட்டுக்கு முகவரி வரம்பை ஒதுக்கவில்லை. கிளஸ்டர்-சிஐடிஆர் அமைப்பைப் பார்க்க வேண்டும். இதற்கும் கன்டெய்னர் மவுன்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அறிகுறி: 'ஸ்டாட்எஃப்எஸ்' பிழை, அல்லது 'அன்நோன் எஃப்எஸ் மேஜிக்'

இரண்டும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸைத் திறக்க முடியாததால் வருபவை. செய்தியில் உள்ள பாதையைப் பாருங்கள்.

'/ப்ராக்/4321/என்எஸ்/நெட்' போல இருந்தால், ஏஜென்டுக்கு ஹோஸ்டின் பிஐடி நேம்ஸ்பேஸ் கிடைக்கவில்லை. டாக்கர் சொல்லும் 4321 என்பது ஹோஸ்டின் எண். ஏஜென்டின் ப்ராக்கில் அந்த எண்ணே கிடையாது. கெட்ட நேரத்தில் அந்த எண்ணில் வேறு புராசஸ் இருந்தால் இன்னும் வேடிக்கை. '--பிஐடி=ஹோஸ்ட்' சேர்த்தால் தீரும்.

'/வார்/ரன்/நெட்என்எஸ்' என்று தொடங்கி, கடைசியில் 1021994 என்ற எண் இருந்தால் அது மவுன்ட் பரவல் பிரச்சினை. அந்த எண் டிஎம்பிஎஃப்எஸ்-இன் அடையாளம். கன்டெய்னர்டி நேம்ஸ்பேஸை ஒரு வெற்றுக் கோப்பின்மேல் மவுன்ட் செய்து வைக்கிறது. பிளகின் வேறொரு கன்டெய்னரிலிருந்து பார்க்கும்போது, அந்தக் கன்டெய்னர் எழுந்த பிறகு நடந்த மவுன்ட்டுகள் அதற்கு வந்து சேரவில்லை. அதனால் அடியில் உள்ள வெற்றுக் கோப்புதான் தெரிகிறது. டீமனாக ஓடும் பிளகின்களில் இதை அதிகம் பார்க்கலாம். பாட் விவரக்குறிப்பில் அந்த வால்யூமுக்கு 'மவுன்ட்ப்ராப்பகேஷன்: ஹோஸ்ட்டுகன்டெய்னர்' கொடுங்கள். டாக்கரில் அதற்கு 'ஆர்ஸ்லேவ்'. நேம்ஸ்பேஸை உருவாக்கும் கன்டெய்னர்டியே கன்டெய்னருக்குள் இருந்தால், அதன் மவுன்ட்டுகள் வெளியே போக வேண்டும் என்பதால் 'ஆர்ஷேர்டு' வேண்டும்.

அறிகுறி: பாட்டுக்கு முகவரி கிடைத்தது, பேச்சு மட்டும் போகவில்லை

முதலில் அந்த முகவரியைப் பாருங்கள். உங்கள் வரம்பு 10.244 என்று இருக்க, பாட்டுக்கு 10.88 என்று வந்திருந்தால் தவறான கான்ஃபிக் தேர்வாகியிருக்கிறது. அது பாட்மேன் இயல்பாகப் பயன்படுத்தும் வரம்பு. கன்டெய்னர்டியின் மாதிரிக் கான்ஃபிக்கிலும் அதுதான் இருக்கிறது. நெட்.டி ஃபோல்டரில் அகரவரிசைப்படி முதலில் வரும் கோப்பே வெல்லும். உங்கள் பிளகினின் கான்ஃபிக் வந்து சேரும் முன்பே '87-பாட்மேன்' என்ற கோப்பு அங்கே இருந்தால், அதைக் கொண்டே நோட் 'ரெடி' ஆகிவிடும், அவசரமாக எழுந்த கோர்டிஎன்எஸ் (கிளஸ்டரின் டிஎன்எஸ் சர்வர்) அதில் மாட்டிக்கொள்ளும். காலிகோவிலிருந்து ஃபிளானலுக்கு மாறியவர்களுக்கும் இதே கதை: '10-காலிகோ' கிடக்கும்வரை '10-ஃபிளானல்' பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். வேண்டாததை அழித்துவிட்டு, மாட்டிய பாட்களை நீக்கி மறுபடி உருவாக விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் முகவரி தானாக மாறாது.

முகவரி சரிதான் என்றால், ஹோஸ்டில் 'ஐபி லிங்க்' கொடுத்து சிஎன்ஐ0 பிரிட்ஜ் இருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லாமல் ஏஜென்ட் கன்டெய்னருக்குள் இருந்தால், ஏஜென்ட் '--நெட்=ஹோஸ்ட்' இல்லாமல் எழுந்திருக்கிறது. பிரிட்ஜ் பிளகின் தான் இருக்கும் நேம்ஸ்பேஸில்தான் பாலத்தைக் கட்டும். பாலம் கட்டிய இடம் தவறு, வேறொன்றும் இல்லை.

ஐபிடேபிள்ஸும் இதே வகை. போர்ட்மேப்பும் பிரிட்ஜின் மாஸ்கரேடும் ஏஜென்டின் இமேஜில் உள்ள ஐபிடேபிள்ஸ் கட்டளையைத்தான் கூப்பிடும். அது இமேஜில் இல்லையென்றால் தெளிவான பிழை வரும், பிழைத்தோம். இமேஜில் லெகசி வகையும் ஹோஸ்டில் என்எஃப்டி வகையும் இருந்தால்தான் கஷ்டம்: பிழையே வராது, விதிகள் இரண்டு வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கும், ஹோஸ்டில் பட்டியல் எடுத்தால் பாதிதான் தெரியும். இரண்டு பக்கமும் 'ஐபிடேபிள்ஸ் -வி' பெரிய வி-யில் கொடுத்து, அடைப்புக்குள் வரும் சொல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

அறிகுறி: இன்ஸ்டால் கன்டெய்னரே விழுகிறது

'டெக்ஸ்ட் ஃபைல் பிசி' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பைனரியின்மேல் நேரடியாக எழுதப் பார்க்கிறது. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு 'எம்வி' மூலம் பெயர் மாற்ற வேண்டும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் அந்த இயங்குதளத்தில் அந்தப் பாதை எழுத முடியாதது. எழுதக்கூடிய பாதைக்கு மேனிஃபெஸ்டை மாற்றினால் இயக்குபவரின் பின்_டிர் அமைப்பையும் கூடவே மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் 'ஃபெயில்டு டு ஃபைண்ட் பிளகின்' அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

10.96.0.1-ஐ அழைத்து 'டைம்அவுட்' ஆகிறது என்றால் க்யூப்-ப்ராக்ஸியை (சர்வீஸ் முகவரிகளுக்கு வழி அமைக்கும் நிரல்) பாருங்கள். 10.96.0.1 என்பது, கிளஸ்டரை அமைக்கும் கருவியான க்யூப்அட்மின் இயல்பாக வைக்கும் ஏபிஐ சர்வரின் சர்வீஸ் முகவரி. க்யூப்-ப்ராக்ஸி விதி எழுதாதவரை அந்த முகவரிக்கு வழியே கிடையாது.

அறிகுறி: இத்தனை நாள் ஓடியது, ஏஜென்டைப் புதுப்பித்ததும் நின்றது

யாரோ அவசரத்துக்கு 'டாக்கர் சிபி' செய்து பைனரியைக் கன்டெய்னருக்குள் போட்டிருக்கிறார்கள். கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தால் அது தங்கும். அழித்துப் புதிதாக உருவாக்கினால் மேலடுக்கோடு சேர்ந்து போய்விடும்.

புதுப்பித்த பிறகு இரண்டு பாட்களுக்கு ஒரே முகவரி வந்தால் /வார்/லிப்/சிஎன்ஐ மவுன்ட் செய்யப்படவில்லை. ஹோஸ்ட்-லோக்கல் பிளகின் தான் கொடுத்த ஒவ்வொரு முகவரிக்கும் அதற்குள் 'நெட்வொர்க்ஸ்' ஃபோல்டரில் ஒரு கோப்பு வைக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகம் கன்டெய்னரோடு தொலைந்ததால் மறுபடி முதலிலிருந்து முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 'நோ ஐபி அட்ரஸஸ் அவைலபிள் இன் ரேஞ்ச் செட்' என்று வரும். ஒரு /24 வரம்பில் கேட்வே போக 253 முகவரிகள் உண்டு. க்யூப்லெட் இயல்பாக ஒரு நோட்டில் 110 பாட்களுக்கு மேல் அனுமதிக்காது. அப்படியிருந்தும் தீர்ந்துவிட்டது என்றால் கசிவுதான்: நோட் திடீரென விழுந்தபோது நீக்கும் அழைப்பு பிளகினுக்குப் போகாமல், பழைய கோப்புகள் தங்கிவிட்டன. நோட்டை ட்ரெயின் செய்யுங்கள் (அதிலுள்ள பாட்களை வெளியேற்றுங்கள்). ஒவ்வொரு முகவரிக் கோப்பின் முதல் வரியிலும் சாண்ட்பாக்ஸ் அடையாளம் இருக்கும். 'சிஆர்ஐசிடிஎல் பாட்ஸ் -க்யூ --நோ-ட்ரங்க்' தரும் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றை மட்டும் அழியுங்கள். மொத்த ஃபோல்டரையும் ஒரே அடியாக அழித்தால், ட்ரெயினில் வெளியேறாத டீமன்செட் பாட்களின் முகவரிகளும் கணக்கிலிருந்து போய்விடும், அடுத்து எழும் பாட்களுக்கு அவையே போய்ச் சேரும்.